ஏலகிரியில் ஒரு காலை நடை: உச்சியைவிட வரப்பு மேல்

ஏலகிரி அத்தனாவூரில் உள்ள தங்கும் விடுதி ஒன்று, அங்கே தங்குபவர்களுக்கும் வெளியிலிருந்து வருபவர்களுக்கும் காலை நேர நடைப்பயணம் ஒன்றை ஏற்பாடு செய்து தருகிறது. மங்கலம் கிராமத்திலிருந்து காட்டுப்பாதையில் சுவாமிமலை உச்சிக்கு ஏறி இறங்குவது இதன் முற்பகுதி. அதன் பின் வயல்களின் ஊடாக நிலாவூர் வரை நடப்பது பிற்பகுதி. விளம்பரத்தில் உச்சியின் படம்தான் பெரிதாக இருக்கிறது. ஆனால் கொடுத்த பணத்துக்கு ஈடானது பிற்பகுதிதான் என்பேன்.

மலையேற்றத்தைக் குறை சொல்வதற்கில்லை. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்கள் உயிரிழந்த பிறகு கட்டுப்பாடுகள் இறுகின. 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தின் 40 தடங்களில் சுவாமிமலையும் ஒன்று. அதற்கான முன்பதிவை விடுதியே செய்துவிடுகிறது. மலையிலேயே பிறந்து வளர்ந்த இளைஞர் ஒருவர் வழிகாட்டியாக வருகிறார். பெரும்பாலும் நிழல் உள்ள பாதை என்பதால், நடைப்பழக்கம் உள்ள அறுபது வயதுக்காரரும் நின்று நின்று ஏறிவிடலாம். உச்சியிலிருந்து பார்த்தால் ஜோலார்பேட்டைப் பக்கம் ரயில்கள் மரவட்டை போல ஊர்கின்றன. படம் எடுத்து முடித்தால் அங்கே வேறு வேலை இல்லை.

வயல்வெளிக்கு வந்ததும்தான் வழிகாட்டிக்கு வாய் திறக்கிறது. நாங்கள் சென்றது கார்த்திகை மாதம்; சாமை அறுவடை முடிந்து, பாறைக் களம் ஒன்றில் மாடுகளைக் கட்டிக் கதிர்களை மிதிக்கவிட்டுத் தாம்பு ஓட்டிக்கொண்டிருந்தார்கள். “ஆயா, ஒரு பிடி காட்டு” என்று அவர் கேட்டதும், முறத்தில் புடைத்துக்கொண்டிருந்த மூதாட்டி எங்கள் உள்ளங்கையில் சாமையைக் கொட்டினார். கடுகைவிடச் சற்றே பெரிதாகப் பளபளவென்று இருந்த அந்த மணியை எவ்வளவு தேய்த்தாலும் உமி கழலவில்லை. முன்பு உரலில் குத்தி எடுத்ததையும், இப்போது மூட்டையாகக் கட்டி மலையிறக்கி மில்லுக்கு அனுப்புவதையும் அவர் விவரித்தபோது, வேலூர்க் கடையில் நாம் சாமை அரிசிக்குக் கொடுக்கும் விலையில் களத்துக்கு வந்து சேர்வது எவ்வளவு குறைவு என்பது விளங்கியது. பலா மரங்களுக்கு அடியில் வரப்போடு வரப்பாக நடந்த அந்த ஒன்றரை மணி நேரத்தில் யாரும் கைப்பேசியை எடுக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

குறைகள் உண்டு. சிற்றுண்டியை முடித்துக்கொண்டு ஏழரை மணிக்குமேல் கிளம்புவதால், வயலுக்கு வரும்போது வெயில் உச்சந்தலையில் இறங்குகிறது. ஆறு மணிக்கே புறப்பட்டால் இந்தத் தொல்லை இராது. பதினைந்து பேரை ஒரே குழுவாக வரப்பில் அழைத்துச் செல்லும்போது, பின்னால் வருபவர்களின் காதில் வழிகாட்டி சொல்வது எதுவும் விழுவதில்லை. மழை பெய்த மறுநாள் செம்மண் வழுக்கும், செருப்போடு வர வேண்டாம் என்று பதிவின்போதே ஒரு வரி எழுதியிருக்கலாம். மதியத்துக்குச் சாமைச் சோறு என்று அறிவித்துவிட்டு எலுமிச்சைச் சாதம் பரிமாறியதைத்தான் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. அதுவும் களத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு!

வேலூரிலிருந்து வருபவர்கள் வாணியம்பாடியைக் கடந்து, பொன்னேரி அருகே மலைப்பாதையைப் பிடிக்க வேண்டும். புலவர்கள், வள்ளல்களின் பெயர் தாங்கிய 14 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளதால், வாந்தி வரும் பிள்ளைகளுக்கு வயிறு நிறையக் கொடுக்காமல் அழைத்து வருவதே நல்லது. ஐப்பசி முதல் தை வரை ஏற்ற காலம். முதியவர்களும் சிறு குழந்தைகளும் உடன் வந்தால் வயல் பகுதியை மட்டும் தனியாகக் கேட்டுப் பதிவு செய்யலாம். விடுதியார் மறுப்பதில்லை, கட்டணமும் பாதிதான்.