சத்தத் தடுப்பு: சுவருக்குச் செலவழிப்பதா, ஜன்னலுக்கா?

ஒரு கணக்கைப் பார்த்துவிடுவோம். சாலையைப் பார்த்த படுக்கையறைச் சுவர் 50 டெசிபல் சத்தத்தைத் தடுக்கிறது. அந்தப் பக்கத்தின் பரப்பில் பத்தில் ஒரு பங்கு ஜன்னல். அது 25 டெசிபல்தான் தடுக்கும். இரண்டும் சேர்ந்து தடுப்பது 35 டெசிபலுக்கும் ஒரு மயிரிழை குறைவு. இப்போது சுவரை மட்டும் 60 டெசிபல் தடுக்கும்படி பலப்படுத்தினால் மொத்தத்தில் கூடுவது 0.1 டெசிபல். சுவரைத் தொடாமல் ஜன்னலை 35 டெசிபல் தரத்துக்கு உயர்த்தினாலோ மொத்தம் 44ஐ எட்டிவிடும்.

இந்த வித்தியாசம் தூக்கத்தில் தெரியும். படுக்கையறைக்குள் இரவில் தொடர்ந்து கேட்கும் இரைச்சல் 30 டெசிபலைத் தாண்டக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 1999ஆம் ஆண்டு வழிகாட்டுதல். வண்டிகள் ஓயாமல் போகும் சாலையோரத்தில் 70 டெசிபல் சர்வசாதாரணம். ஆக, தோராயமாக 40 டெசிபல் தடுப்பு தேவை. முதல் அறை அதில் தோற்கிறது, ஜன்னல் மாற்றிய அறை ஜெயிக்கிறது. வீடு கட்டப்போகிறவர்கள் முதலில் கேட்பது எந்தக் கல்லில் கட்டலாம் என்பதைத்தான். என்னைக் கேட்டால் வரைபடம் முதலில், ஜன்னலும் கதவும் அடுத்து, கல் அதற்கும் பிறகு.

தள்ளிக் கட்டுவதா, திருப்பி வைப்பதா?

மனையில் இடமிருந்தால் வீட்டைச் சாலையிலிருந்து தள்ளிக் கட்டத் தோன்றும். ஓயாத போக்குவரத்து உள்ள சாலை நீளமான ஒரு கோடு மாதிரி சத்தம் எழுப்புவதால், தூரம் இரண்டு மடங்கானாலும் குறைவது 3 டெசிபல்தான். 5 மீட்டரை 10 மீட்டர் ஆக்கினால் காதுக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. படுக்கையறையைப் பின்பக்கம் கொண்டுபோனால் வீடே அதற்குத் தடுப்பாக நிற்கும். 10 டெசிபலுக்குக் குறையாமல் லாபம், அதுவும் வரைபடத்தில் ஒரு கோட்டை மாற்றி வரைவதோடு சரி. குளியலறை, மாடிப்படி, சாமான் அறை இவற்றைச் சாலைப் பக்கம் தள்ளிவிடலாம்.

மதில் சுவரும் உதவும், சத்தம் வரும் இடத்தைப் பார்வையிலிருந்து மறைக்கிற வரைக்கும். தரைத்தளத்து அறைக்கு அது போதும். மாடி ஜன்னலிலிருந்து சாலை தெரிகிறது என்றால் மாடிக்கு அந்த மதிலால் பயனில்லை. ஒரு வரிசை மரம் வைத்தால் சத்தம் அடங்கும் என்ற நம்பிக்கையை மட்டும் விட்டுவிடுங்கள். மரம் நிழலுக்கு நல்லது, சத்தத்துக்கு அது இலைகளுக்கு நடுவே ஏகப்பட்ட வழி விடுகிறது.

எந்தச் சுவர்?

ஒற்றைச் சுவருக்கு விதி எளிது: எடைதான் தடுப்பு. எடை இரண்டு மடங்கானால் சுமார் 5 அல்லது 6 டெசிபல் கூடும். இருபக்கமும் பூசிய ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் 50 டெசிபலை ஒட்டி நிற்கும். நாலரை அங்குலம் 45ஐ ஒட்டி. ஏஏசி பிளாக் (உள்ளே காற்றுக் குமிழ்கள் நிறைந்த லேசான கான்கிரீட் கல்) வெப்பத்துக்கு அருமையான பொருள், கட்டவும் சுலபம். ஆனால் அதன் எடை செங்கலில் மூன்றில் ஒரு பங்குதான். அதனால் 200 மில்லிமீட்டர் ஏஏசி சுவர், சத்த விஷயத்தில் ஏறக்குறைய நாலரை அங்குலச் செங்கல் சுவரின் வேலையைத்தான் செய்யும். தடிமனாக இருக்கிறதே என்று ஏமாந்துவிடக் கூடாது.

ஹாலோ பிளாக்கில் கவனிக்கவேண்டியது பூச்சு. அந்தக் கல்லின் நுண்துளைகள் வழியாகவும், கலவை சரியாக நிரம்பாத இணைப்புகள் வழியாகவும் சத்தம் கசியும். இருபக்கமும் நன்றாகப் பூசினாலே நிலைமை மாறும். உள்ளே கான்கிரீட் நிரப்பினால் எடையும் சேரும்.

இவை எல்லாவற்றுக்கும் போட்டி, இரட்டைச் சுவர். தனித்தனிச் சட்டத்தில் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு அடுக்கு ஜிப்சம் போர்டு, நடுவே ராக்வுல் எனும் பாறை இழைப் பஞ்சு. செங்கல் சுவரின் எடையில் சிறு பகுதிதான், ஆனாலும் 55, 60 டெசிபல் வரை போகும். காரணம், ஒரு பக்கத்து அதிர்வு மறுபக்கத்துக்குத் தாவ வழியில்லை. அந்தப் பிரிவு முழுமையாக இருக்கவேண்டும் என்பதுதான் இதன் பலவீனம். இரண்டு சட்டத்தையும் இணைத்து யாராவது நாலைந்து திருகாணி அடித்துவிட்டால் போயிற்று. இரு பக்கத்து சுவிட்ச் பெட்டிகளும் முதுகோடு முதுகாக உட்கார்ந்தாலும் அதே கதிதான். லாரி எஞ்சினின் உறுமல், பாட்டின் பேஸ் மாதிரித் தாழ்ந்த சத்தங்களிலும் இது திணறும், கனமான சுவர் அங்கே தாக்குப்பிடிக்கும். அதனால் வெளிச்சுவருக்குக் கனம், உள்ளே பாட்டறைக்கும் படுக்கையறைக்கும் நடுவில் மட்டும் இரட்டைச் சுவர் என்று பிரித்துக்கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது.

எந்தச் சுவரானாலும், அது மேலே உத்தரத்தைத் தொடும் இடத்தைப் போய்ப் பாருங்கள். கடைசி வரிசைக்கு மேல் விரல் அகல இடைவெளியில் கையில் கிடைத்த துண்டுக்கல்லைத் திணித்து, மேலே மெல்லப் பூசி மறைத்திருப்பார்கள். பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால், மீதிச் சுவர் எவ்வளவு உசத்தியானாலும் மொத்தத் தடுப்பு 20 டெசிபலைத் தாண்டாது. பூச்சு வேலைக்கு முன் இருட்டிய பிறகு அடுத்த அறையில் பளிச்சென்று ஒரு விளக்கைப் பிடிக்கச் சொல்லுங்கள். வெளிச்சம் வரும் கீறல் ஒவ்வொன்றையும் கலவையால் அடைக்கச் சொல்லுங்கள்.

ஜன்னலும் கதவும்

இரட்டைக் கண்ணாடி என்றால் சத்தம் வராது என்று விற்பனையாளர்கள் சொல்வார்கள். 4 மில்லிமீட்டர் கண்ணாடி இரண்டு, நடுவே 12 மில்லிமீட்டர் காற்று என்ற வழக்கமான அமைப்பு வெப்பத்துக்காக உருவானது. சத்தத்துக்கு அது 6 மில்லிமீட்டர் ஒற்றைக் கண்ணாடியைவிடப் பெரிதாக எதுவும் செய்வதில்லை. போக்குவரத்தின் தாழ்ந்த உறுமலில் இரண்டு கண்ணாடியும் சேர்ந்து அதிர்ந்து, சமயத்தில் ஒற்றைக் கண்ணாடியைவிட மோசமாகவும் நடந்துகொள்ளும். நடுவே பிளாஸ்டிக் படலம் ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடி அந்த அதிர்வை அடக்கும். இரட்டைக் கண்ணாடிதான் வேண்டும் என்றால், இரண்டும் வெவ்வேறு தடிமனில் இருக்கட்டும், அதில் ஒன்று லேமினேட்டட் ஆகட்டும். சாலை மிக மோசமென்றால், ஒரே சுவரில் 100 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு இரண்டு தனி ஜன்னல்கள் வைப்பதை மிஞ்ச எதுவும் இல்லை.

கண்ணாடியைவிட முக்கியம் சட்டம். ஸ்லைடிங் ஜன்னல் நகரவேண்டும் என்பதால் அதில் பிரஷ் வைத்துத்தான் அடைக்க முடியும். பிரஷ் தூசியைத் தடுக்கும், சத்தத்தை விட்டுவிடும். கதவு மாதிரித் திறக்கும் ஜன்னல் மூடும்போது ரப்பரை நாலு பக்கமும் அழுத்தி உட்கார்கிறது. சாலைப் பக்கத்துக்கு அதையே வையுங்கள். மூடி வைத்த அறைக்குக் காற்று வேண்டுமே என்றால், அமைதியான பக்கத்தில் இன்னொரு ஜன்னலுக்கு வரைபடத்திலேயே இடம் விடவேண்டும்.

உள்கதவில் போட்டியே இல்லை. உள்ளீடற்ற பிளஷ் கதவு சுமார் 20 டெசிபல், ரப்பர் அடைத்த கெட்டிக் கதவு 30ஐ ஒட்டி. கீழே அரை அங்குல இடைவெளி விட்டால் இரண்டுமே ஒன்றுதான்.

பஞ்சு ஒட்டலாமா என்று நிறைய பேர் கேட்கிறார்கள். மென்பஞ்சுப் பலகை அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும். அடுத்த வீட்டுச் சத்தத்தைத் தடுக்க அதற்கு எடை கிடையாது.

மாடியில் நடக்கும் சத்தம்

150 மில்லிமீட்டர் கான்கிரீட் தளம் மேல்மாடிப் பேச்சை நன்றாகவே தடுக்கும். நாற்காலி இழுப்பதையும் குழந்தைகள் குதிப்பதையும் தடுக்காது. அந்த அதிர்வு நேராகக் கான்கிரீட்டுக்குள் இறங்கி, சுவர்கள் வழியாகவும் பரவுகிறது. கீழே ஃபால்ஸ் சீலிங் போடுவது, மேலே மிதக்கும் தளம் (கான்கிரீட்டையும் சுவரையும் தொடாமல் மெத்தென்ற பாய்மேல் நிற்கும் தரை) போடுவது இரண்டில் எனக்குச் சந்தேகமில்லை: மேலேதான். சீலிங் தளத்திலிருந்து வருவதை மட்டும் மறைக்கும், சுவரில் ஏறியதை அது ஒன்றும் செய்யாது. கம்பளம் விரிப்பது இன்னும் எளிது, பலனும் அதிகம், ஆனால் டைல்ஸ்தான் வேண்டும் என்பவர்களுக்கு மிதக்கும் தளமே வழி.

அதில் கான்கிரீட் மேல் ரப்பர் அல்லது அடர்ந்த நுரைப்பாய், அதன் மேல் கலவைத் தளம், அதன் மேல் டைல்ஸ். பாய் விரிப்பதோடு வேலை முடிவதில்லை. அறையைச் சுற்றிச் சுவரோரம் அதே நுரைப்பட்டை நிமிர்ந்து நிற்கவேண்டும். டைல்ஸ் ஒட்டுபவர் ஓரத்தை அழகாக்க அந்தப் பட்டையைக் கீழே வெட்டிவிட்டு, ஸ்கர்ட்டிங்கை (சுவரின் அடியில் ஒட்டும் டைல்ஸ் பட்டை) தரையோடு சேர்த்துக் கலவை பூசிவிட்டால், தளம் மறுபடி சுவரைத் தொட்டுவிடும். டைல்ஸும் ஸ்கர்ட்டிங்கும் முடிந்த பிறகே பட்டையை வெட்டவேண்டும், இடையில் இருக்கும் சந்தில் சிமெண்ட் போகாமல் சிலிகோன் பசைதான் போகவேண்டும். வேலை நடக்கும் அன்று அந்த ஓரத்தில் கூடவே நில்லுங்கள்.