டெரடோமா சோதனை: நியூட் சுண்டெலியா, என்எஸ்ஜி சுண்டெலியா?

ஸ்டெம் செல்லைச் சுண்டெலிக்குள் செலுத்தி, பல திசுக்கள் கலந்த கட்டி (டெரடோமா) உருவாகிறதா என்று பார்ப்பதே டெரடோமா சோதனை. நியூட், என்எஸ்ஜி இரண்டும் நோயெதிர்ப்பு குறைந்த ஆய்வுக்கூடச் சுண்டெலி ரகங்கள். செலுத்தப்போவது 129 ரகச் சுண்டெலியின் கருமூல ஸ்டெம் செல் என்றால், அதே 129 ரகச் சுண்டெலி போதும்; இந்தக் கேள்வியே எழாது. சி57பிஎல்/6 என்ற ரகத்துக்கும் அதே எச்-2பி வகைதான் (உடல் தன் செல்லை அடையாளம் காணும் புரதங்களின் வகை). ஆனாலும் சிறு ஆன்டிஜென்கள் (மற்ற அடையாளப் புரதங்கள்) பொருந்தாததால், கட்டியை உடல் மெதுவாகத் தள்ளிவிடக்கூடும். பொருந்தாத ரகம், அல்லது மனித செல் என்றால்தான் தேர்வு. அங்கே என்எஸ்ஜி-தான் சரி.

நியூட் சுண்டெலிக்கு, டி செல் என்ற நோயெதிர்ப்பு செல் முதிரும் தைமஸ் சுரப்பி இல்லை, அதனால் முதிர்ந்த டி செல்களும் அனேகமாக இல்லை. முடியும் இல்லாததால் கட்டியைக் காலிப்பரால் அளப்பது எளிது. ஆனால் இயற்கைக் கொல்லி செல்கள் முழு வீச்சில் இருக்கும். சிக்கலே அங்குதான். வேறுபடாத ஸ்டெம் செல்லின் மேற்பரப்பில் எம்எச்சி முதல் வகுப்பு மூலக்கூறு (செல்லின் அடையாள அட்டை போன்ற புரதம்) மிகக் குறைவு. டி செல் தேடுவது அந்த மூலக்கூறை. கொல்லி செல்லோ அது இல்லாத செல்லைத்தான் குறிவைக்கும். கட்டி வரவில்லை என்றால், செல்லுக்குத் திறன் இல்லையா, எலி அதை அழித்துவிட்டதா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. திசுவாக மாற மாற அந்த மூலக்கூறு கூடும்; சாதாரண எலியில் கட்டி கொஞ்சம் வளர்ந்தபின் சுருங்குவதற்கு அது ஒரு காரணம்.

என்எஸ்ஜி-யில் ஸ்கிட் சடுதிமாற்றம் டி, பி செல்களை நீக்குகிறது. கொல்லி செல் வளரத் தேவையான சைகையை வாங்கும் ஐஎல்-2 ஏற்பியின் காமா சங்கிலி இல்லாததால் கொல்லி செல்லும் இல்லை. ஸ்கிட் மாற்றம் இருந்தும் இந்தச் சங்கிலியை இழக்காத பழைய நாட்-ஸ்கிட் எலிக்குத் தைமஸ் லிம்போமா (ஒரு வகைப் புற்றுநோய்) வந்து ஆயுள் குறையும். மனித செல் கட்டிக்கு 8 முதல் 12 வாரம் காத்திருக்கும்போது அது தொல்லை. சுண்டெலி செல்லுக்கு 3, 4 வாரம் போதும்.

என்எஸ்ஜி-க்குப் பராமரிப்பு கூடுதல்: கூண்டு, தீவனம், தண்ணீர் எல்லாம் கிருமி நீக்கியதாக இருக்க வேண்டும். கதிர்வீச்சையும் தாங்காது.

செலுத்தும்போது 10 லட்சம் செல்களை 100 மைக்ரோலிட்டரில், பாதி மேட்ரிஜெல் (செல்களைத் தாங்கும் புரதக் கூழ்; குளிரில் திரவம், சூட்டில் இறுகும்) கலந்து, விலாப்புறத் தோலுக்கடியில் போடலாம். எல்லா செல் லைனுக்கும் இதே எண்ணிக்கை பொருந்தும் என்று அடித்துச் சொல்ல முடியாது. சிரிஞ்சும் ஊசியும் ஐஸில் குளிர்ந்திருக்கட்டும்; இல்லையேல் மேட்ரிஜெல் ஊசிக்குள்ளேயே கூழாக இறுகிவிடும். சிறுநீரக உறைக்கடியில் வைத்தால் ரத்த ஓட்டம் நல்லது, ஆனால் அறுவை தேவை.

கட்டியை அறுக்கும்போது நடுவில் மட்டும் எடுக்கக் கூடாது. பெரிய கட்டியின் நடு செத்துக் கிடக்கும். ஓரங்களில் நாலைந்து இடத்தில் எடுத்தால்தான் கருவின் மூன்று அடுக்குகளுக்கும் அடையாளமான குருத்தெலும்பு, நரம்பு ரோஜா வளையம் (ரோஜா இதழ்போல் வட்டமாக அமைந்த நரம்பு செல்கள்), குடல் சுரப்பி மூன்றும் அகப்படும்.