விதைக்கிழங்கு மூட்டை: கிழங்கு நல்லது, கட்டி அனுப்பிய கை சரியில்லை

உருளைக்கிழங்கு விதையை நாங்கள் காசு கொடுத்து வாங்கியது இதுதான் முதல் தடவை. அறுவடையில் ஒதுக்கி வைத்ததையே அடுத்த பருவத்தில் ஊன்றுவது அப்பாவின் வழக்கம். ஆறேழு வருஷமாக அந்த விதை மெலிந்துகொண்டே வந்தது. இலை சுருண்டு நிற்கும், செடி முழங்காலைத் தாண்டாது. அசுவினிப் பூச்சி கொண்டுவரும் வைரஸ் கிழங்குக்குள்ளேயே தங்கி, வருஷா வருஷம் கூடிக்கொண்டே போகும். மருந்தடித்துத் தீராது, விதையைத்தான் மாற்ற வேண்டும். அதனால்தான் சான்று பெற்ற விதைக்கிழங்கு 25 கிலோ மூட்டை ஒன்றைத் தருவித்தேன்.

பிரித்ததும் வயிறு எரிந்தது. அடியில் சாக்கு ஈரம், 11 கிழங்கு அழுகல். மீதியில் முளை வெள்ளையாக விரல் நீளம் வந்திருந்தது. இருட்டில் அடைத்து வைத்ததற்கு அடையாளம். தொட்டாலே ஒடிந்தது. நல்லவேளை, நுனிமுளை போனால் பக்கத்துக் கண்கள், அதாவது முளை வரும் குழிகள், விழித்துக்கொள்ளும். வெயில் நேராகப் படாத வெளிச்சத்தில் ஒரே அடுக்காகப் பரப்பி மூன்று வாரம் வைத்தேன். குட்டையாக, தடிப்பாக, பச்சை முளை வந்தது.

என் பெரிய குறை அளவில்தான். மூட்டைச் சீட்டில் கிழங்கின் குறுக்களவு 30 முதல் 55 மில்லிமீட்டர் என்று அச்சடித்திருந்தார்கள். கோழிமுட்டை அளவு, சுமார் 50 கிராம் என்றால் 500 கிழங்கு இருக்க வேண்டும். அழுகலையும் சேர்த்தே எண்ணினேன், 388. கால்வாசி கைமுஷ்டி பருமன். கிழங்குக்குக் கிழங்கு 20 செ.மீ. விட்டு ஊன்றினால் 500 கிழங்கு 100 மீட்டர் பாருக்கு (ஊன்றும் மேட்டு வரிசைக்கு) வரும், இது 75 மீட்டரிலேயே நின்றுவிடும். எடைக்கு விற்பவருக்கு இதெல்லாம் ஒரு கணக்கா? பெரியதை எல்லாம் அம்மா வெட்டினார், துண்டுக்கு இரண்டு கண். வாடல் நோய் கத்தி வழியே பரவும் என்பதால் ஒவ்வொரு கிழங்குக்கும் கத்தியைக் கொதிநீரில் முக்கி எடுத்தோம். வெட்டுவாய் காயட்டும் என்று இரண்டு நாள் நிழலில் போட்டோம். ஒரு முழு நாள் வேலை போச்சு.

ஆனால் ஊன்றிய பிறகு சொல்ல ஒரு குறையும் இல்லை. ஒரே நேரத்தில் முளைத்து மேலே வந்தன, இலை அகலமாக விரிந்தது. இரண்டு தடவை மண் அணைத்தேன். கிழங்கில் வெயில் பட்டால் பச்சையாகிவிடும் அல்லவா, அதில் மட்டும் சோம்பல்படக் கூடாது. ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு பார் அப்பாவின் பழைய விதை. அதில் 10 மீட்டருக்கு 13 கிலோ, புது விதையில் 21 கிலோ. தராசைப் பார்த்துவிட்டு அப்பா ஒன்றும் பேசவில்லை. அவர் பேசாமலிருந்தால் ஒத்துக்கொண்டார் என்று அர்த்தம்.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். கழித்த ஒன்றரையும் மூட்டை கட்டியதற்கும் சீட்டில் போட்ட பொய்க்கும். வாங்குபவர்கள் சிறுகிழங்குதான் வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த வருஷம் நான் வாங்கப் போவதில்லை. செடி பழுக்கும் முன்பே, நோயில்லாமல் செழித்து நின்ற 40 செடிகளுக்குப் பக்கத்தில் அப்பா குச்சி நட்டு வைத்திருந்தார். அந்தக் கிழங்கெல்லாம் தனிக் கூடையில் இருக்கிறது.