வேகமான ரயிலா, அடிக்கடி வரும் ரயிலா? குமரி மாவட்டத்துக்கு எது தேவை

கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருந்தபோது ஆரம்பித்த சண்டை இது. சென்னையில் வேலை பார்க்கும் அத்தை மகன், நாகர்கோவில் வரைக்கும் புல்லட் ரயில் வந்தால்தான் நம்ம ஊர் முன்னேறும் என்று அடித்துப் பேசினான். குழித்துறையில் ஏறி தினமும் திருவனந்தபுரத்துக்கு வேலைக்குப் போய்வரும் சித்தப்பா இலையை விட்டு நிமிராமலே, "லேய், நீ வருஷத்துக்கு ரெண்டு தடவ வாற. நான் நாளுக்கு ரெண்டு தடவ ரயில் ஏறுறேன்" என்றார். அதோடு அவன் வாய் அடைத்துவிட்டது. ஆனால் எனக்கு மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்ததால், இருக்கிற வழிகளையெல்லாம் ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தேன்.

முதலில் அத்தை மகனின் கட்சி. முழு அதிவேகப் பாதைக்கு இந்தியாவில் இருக்கும் உதாரணம் மும்பை–அகமதாபாத். 508 கி.மீ., மணிக்கு 320 கி.மீ. வேகம், 2017-ல் அடிக்கல் நாட்டியபோது சொன்ன செலவு சுமார் 1.08 லட்சம் கோடி, அதாவது கிலோமீட்டருக்கு 200 கோடிக்கு மேல். நமக்குக் கிட்டத்தில் வர இருந்தது கேரளாவின் சில்வர்லைன். காசர்கோட்டிலிருந்து திருவனந்தபுரம் வரை சுமார் 530 கி.மீ. தூரத்தை நான்கு மணி நேரத்துக்குள் கடக்கும் என்றார்கள். 2022-ல் நிலம் அளக்க மஞ்சள் கல் நட்டதும் ஜனங்கள் பிடுங்கி எறிந்ததும் எல்லோரும் பார்த்ததுதான். அது வந்திருந்தாலும் நமக்குப் பெரிய லாபம் இல்லை. அது 1,435 மி.மீ. அகலமுள்ள ஸ்டாண்டர்ட் கேஜ், நம் தண்டவாளம் 1,676 மி.மீ. பிராட் கேஜ். ஒன்றில் ஓடும் வண்டி இன்னொன்றில் ஏறாது. அதன் கடைசி ஸ்டேஷன் திருவனந்தபுரத்தின் கொச்சுவேளி. நாகர்கோவில்காரன் ஒரு வண்டியில் போய் இறங்கி, மூட்டையைத் தூக்கிக்கொண்டு இன்னொன்றில் ஏறவேண்டியதுதான்.

நம் மாவட்டத்துக்குள்ளேயே தனிப்பாதை போடலாமே என்றால், 2011 கணக்குப்படி இங்கே ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஆயிரத்து நூறு பேருக்கு மேல். வீடு, தென்னந்தோப்பு, குளம், கோயில், சர்ச், மறுபடி வீடு. நால்வழிச் சாலைக்கு நிரப்ப மண் கிடைக்காமலே வேலை எத்தனை வருஷம் இழுத்தது என்று காவல்கிணறு பக்கம் போனவர்களைக் கேளுங்கள். தூண் போட்டு மேலே கொண்டுபோகலாம் என்பவர்களுக்கு டெல்லி–மீரட் நமோ பாரத் ரயில் ஒரு கணக்கு கொடுக்கிறது. 82 கி.மீ.க்கு 30,274 கோடி. அந்த விகிதத்தில் நாகர்கோவில்–திருவனந்தபுரம் 71 கி.மீ.க்கு 26,000 கோடி ஆகும். தமிழ்நாட்டில் இந்த மாதிரி ரயிலுக்குச் சொன்ன தடங்கள் சென்னை–விழுப்புரம், சென்னை–வேலூர், கோவை–சேலம். நாம் பட்டியலிலேயே இல்லை. எனக்கு அதில் வருத்தமும் இல்லை.

அடுத்தது வந்தே பாரத். சென்னை எழும்பூர்–நாகர்கோவில் வண்டி 2024 ஆகஸ்ட் 31-ல் தொடங்கியது. தொடங்கியபோது போட்ட நேரப்படி காலை 5 மணிக்கு எழும்பூரில் கிளம்பி மதியம் 1.50-க்கு நாகர்கோவில், மறுபடி 2.20-க்குக் கிளம்பி இரவு 11-க்கு எழும்பூர். சுமார் 725 கி.மீ.க்கு எட்டு மணி ஐம்பது நிமிஷம், சராசரி போட்டால் மணிக்கு 82 கி.மீ. 160-க்கு மேல் போகக்கூடிய பெட்டியை வைத்துக்கொண்டு 82 என்றால் குறை வண்டியில் இல்லை, வளைவிலும் பாதையிலும் இருக்கிறது. மதுரையிலிருந்து நாகர்கோவில் வரை இரட்டைப்பாதை முடிந்ததால்தான் இந்த அளவுக்காவது வந்தது. பகல் பயணத்துக்கு அருமையான வண்டி, அதை மறுக்கவே மாட்டேன். ஆனால் காலை ஐந்து மணிக்கு எழும்பூருக்குப் போய்ச் சேர மூன்று மணிக்கே எழவேண்டும், புதன்கிழமை வண்டி கிடையாது, சேர் காருக்கு 1,700 ரூபாய்க்கு மேல் ஆகும். கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் ஸ்லீப்பருக்கு நானூற்றுச் சொச்சம் கொடுத்து, சாயங்காலம் ஏறிப் படுத்து, ஆரல்வாய்மொழி தாண்டும்போது கண் விழிக்கிற ஆளுக்கு ஒரு நாள் லீவும் மிச்சம், பணமும் மிச்சம். டிக்கெட் கிடைத்தால். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வெயிட்டிங் லிஸ்டில் தொங்குகிறவனுக்கு எந்த வண்டியானாலும் தேவலை, அது வேறு கதை.

சித்தப்பாவின் பக்கம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இந்த மாவட்டத்தில் சென்னைக்குப் போகிறவர்களைவிட மேற்கே போகிறவர்கள்தான் தினமும் ரயிலை நம்பி இருக்கிறார்கள். வேலை, காலேஜ், மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி, ஆர்.சி.சி. புற்றுநோய் ஆஸ்பத்திரி எல்லாமே திருவனந்தபுரத்தில். இந்தத் தடத்தில் ரயில் வந்ததே 1979-ல்தான். 1956-ல் தாய்த்தமிழகத்தோடு சேர்ந்தும் இருபத்து மூன்று வருஷம் பஸ்தான். அன்று போட்டது ஒற்றைப்பாதை. கன்னியாகுமரி–திருவனந்தபுரம் 87 கி.மீ. இரட்டைப்பாதை வேலை இன்னும் நடந்துகொண்டே இருக்கிறது.

ஒற்றைப்பாதை என்றால் என்ன என்பதை ஒருநாள் காலை பாசஞ்சரில் போனால் தெரியும். நான் போன அன்று இரணியலில் வண்டி நின்றது. கிராசிங். எதிரே ஒரு எக்ஸ்பிரஸ் வரவேண்டும். வாசலில் தொங்கிக்கொண்டிருந்தவர்கள் பிளாட்பாரத்தில் இறங்கி நின்றார்கள். பெட்டிக்குள் தோவாளையிலிருந்து வந்த பிச்சிப்பூ மூட்டை, நனைத்த சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டிச் சொட்டி எல்லோரும் செருப்பை ஒதுக்கிக்கொண்டே இருந்தார்கள். எதிர் சீட்டு அம்மா ஸ்கேன் கவரை மடங்காமல் மடியில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, "பத்து மணிக்குள்ள ஓ.பி. சீட்டு போடணும் மக்கா, போயிருவோமா?" என்று கேட்டார். எக்ஸ்பிரஸ் வந்து போக இருபது நிமிஷம் ஆனது.

இப்போது கணக்கைப் பாருங்கள். 71 கி.மீ.யை எங்கும் நிற்காமல் 100 கி.மீ. வேகத்தில் ஓடினால் 43 நிமிஷம், 160-ல் ஓடினால் 27. மிச்சம் 16 நிமிஷம். இரணியலில் ஒரு கிராசிங் அதை அப்படியே விழுங்கிவிடுகிறது. வழியில் நின்று நின்று போகிற வண்டிக்கு அந்த 16-கூட கிடைக்காது. இன்னொன்று, மூன்று மணி நேரத்துக்கு ஒரு வண்டி என்றால் சராசரியாக ஒன்றரை மணி நேரம் காத்திருப்பு, மணிக்கு ஒரு வண்டி என்றால் அரை மணி. அதாவது வேகத்தைக் கூட்டாமலே ஒரு மணி நேரம் மிச்சமாகிறது. இதைச் சொன்னால் யாரும் ரிப்பன் வெட்ட வரமாட்டார்கள் என்பதுதான் சிக்கல்.

மெமு என்கிற மின்சாரப் பாசஞ்சர் இதற்குப் பொருத்தமான வண்டி. பல பெட்டிகளுக்கு அடியில் மோட்டார் இருப்பதால் நின்ற இடத்திலிருந்து சட்டென்று வேகம் பிடிக்கும். பள்ளியாடி, குழித்துறை மேற்கு என்று நான்கைந்து கிலோமீட்டருக்கு ஒருமுறை நிற்கிற தடத்துக்கு அதுதான் வேண்டும். போய்ச் சேர்ந்ததும் எஞ்சினைக் கழற்றி மறுமுனைக்குக் கொண்டுபோகிற வேலையும் இல்லை. அதற்கு மேல் பாதை இல்லாத கன்னியாகுமரியில் அது பெரிய விஷயம். மெமு ஷெட் கொல்லத்திலேயே இருக்கிறது. குறைகளும் உண்டு. சீட்டு கட்டை, கூட்டம் ஏறினால் கழிப்பறைப் பக்கம் போகவே முடியாது, எக்ஸ்பிரஸ் வந்தால் ஒதுங்கி நிற்பதும் இதுதான். கொஞ்சம் வசதியாக வேண்டுமென்றால் 2024 செப்டம்பரில் அகமதாபாத்–புஜ் இடையே விட்ட, முழுக்க அன்ரிசர்வ்ட் ஏசி வண்டியைக் கேட்கலாம். அதற்கும் நமோ பாரத் என்றே பெயர் வைத்ததால் மீரட் வண்டியோடு பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். இது சாதாரண பிராட் கேஜ் தண்டவாளத்திலேயே, அதிகபட்சம் 110-ல் ஓடுவது. நம் பாதைக்கு அது போதும்.

ஆனால் இரட்டைப்பாதை முடியாமல் நான்கு மெமுவைக் கூடுதலாக விட்டால், இருக்கிற கிராசிங் இரண்டு மடங்காகும். சித்தப்பாவுக்கு இதைச் சொன்னபோது அவர் முகம் சுருங்கிவிட்டது. 2021 நவம்பர் மழையில் குழித்துறை, இரணியல் பக்கம் தண்டவாளத்தில் மண் சரிந்து வண்டியெல்லாம் ரத்தானதே, அந்த ஆழமான வெட்டுப் பகுதிகளில் கரை கட்டுவதும் இதோடு சேர்த்தி.

கடலோரப் பாதையை விட்டுவிட்டேனே. காரைக்குடியிலிருந்து ராமநாதபுரம், தூத்துக்குடி, திருச்செந்தூர், கூடங்குளம் வழியாகக் கன்னியாகுமரி வரை 460 கி.மீ. அளவுக்கு ஒரு திட்டம், சர்வே, வருமானம் காணாது என்ற பதில், மறுபடி சர்வே. நாகர்கோவிலிலிருந்து திருச்செந்தூருக்கு இப்போது ரயிலில் போனால் திருநெல்வேலி சுற்றி 130 கி.மீ.க்கு மேல் வருகிறது. கடற்கரைக் கிராமங்களுக்கு இது வந்தால் நல்லதுதான், எதிர்ப்பு இல்லை. வரிசையில் நிற்கட்டும்.

என் கையில் பணம் இருந்தால் முதலில் மேற்கே இரண்டாவது பாதை, கூடவே நாகர்கோவில் ஜங்ஷனில் வண்டி நிறுத்த இடம், அப்புறம் காலை ஐந்திலிருந்து இரவு பத்து வரை மணிக்கொரு மெமு. இதையே மனுவாக எழுதித் தரலாம் என்று சித்தப்பாவிடம் சொன்னேன். சரி என்றார். நாம் மதுரை ரயில்வே கோட்டத்தில் இல்லையே, மனுவைத் திருவனந்தபுரம் தைக்காட்டில் இருக்கிற கோட்ட ஆபீஸில்தான் கொடுக்கவேண்டும். ஆபீஸ் திறக்கிற நேரத்துக்குப் போய்ச் சேர அதே காலை பாசஞ்சர்தான், இரணியலில் கிராசிங் இல்லாமல் இருந்தால்.