எக்ஸ்பாண்டரும் சிலிக்கோன் இம்ப்ளான்டும்: வைத்துக்கொண்டவளின் மதிப்பீடு

புற்றுநோய்க்காக இடது மார்பகத்தை எடுத்த அதே அறுவை சிகிச்சையில் எனக்கு எக்ஸ்பாண்டர் வைத்தார்கள். ஊதாத பலூன் மாதிரி ஒரு பை அது. காயம் ஆறியபின், அதன் வால்வு இருக்கும் இடத்தைக் காந்தத்தால் கண்டுபிடித்து, ஊசி வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக உப்புநீர் ஏற்றுவார்கள். தோல் விரிந்து, பின்னால் அதற்குப் பதிலாக மார்பு வடிவத்துக்கு வைக்கும் சிலிக்கோன் ஜெல் பையான இம்ப்ளான்டுக்கு இடம் கிடைக்கும்.

இந்தக் கட்டம்தான் கஷ்டம். அந்த இடம் மரத்துப்போயிருந்ததால் ஊசி தெரியவில்லை. ஆனால் நீர் ஏற்றிய அன்று இரவெல்லாம் நெஞ்சு இறுகிக் கிடக்கும், ஒருக்களித்துப் படுக்க முடியாது. வால்வில் காந்தம் உள்ள வகை என்றால் எம்.ஆர்.ஐ.யும் எடுக்கக் கூடாது. இதற்கு 5-க்கு 2 கொடுப்பேன்.

இம்ப்ளான்டுக்கு 4. வழவழப்பான உறை கொண்டதுதான் வேண்டும் என்று நானே கேட்டு வாங்கினேன். சொரசொரப்பான உறை கொண்ட பயோசெல் வகையை அலர்கன் நிறுவனம் 2019-இல் உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றது. இம்ப்ளான்டைச் சுற்றி வரும் ஒரு வகை லிம்போமாதான், அதாவது நிணநீர் மண்டலப் புற்றுநோய்தான் காரணம். அது அரிதுதான் என்பார்கள். ஒரு புற்றுநோயைக் கடந்து வந்தவளுக்கு அந்த அரிதும் அதிகம்.

எனக்கு வைத்தது தசைக்கு மேலே. தசைக்கு அடியில் வைத்தால் கையை ஊன்றும்போது மார்பு துள்ளும் என்றார் டாக்டர். மேலே வைத்ததைத் தாங்கிப் பிடிக்க, தானமாகக் கிடைத்த மனிதத் தோலிலிருந்து செல்களை நீக்கிச் செய்த ஒரு விரிப்பைச் சுற்றித் தைத்தார்கள். பன்றித் தோலில் செய்ததும் உண்டு, அதில் மனத்தடை இருப்பவர்கள் முன்பே கேட்டுவிடுங்கள். குறை என்றால், குனியும்போது மேலோரத்தில் தோல் சுருங்குவது தெரிகிறது. உடலின் வேறு இடத்துக் கொழுப்பை எடுத்து அங்கே ஏற்றிச் சரிசெய்யலாமாம்.

உடைக்குள் வடிவம் அருமையாக இருக்கிறது. தொடு உணர்வு மட்டும் திரும்பவில்லை. அதனால் அங்கே வெந்நீர்ப் பை வைக்காதீர்கள், சுட்டாலும் தெரியாது.

ரேடியேஷன் எடுத்தவர்களுக்கு இதைத் தயங்கித்தான் சொல்வேன். இம்ப்ளான்டைச் சுற்றி உருவாகும் திசு இறுகிக் கல்லாகும் வாய்ப்பு அவர்களுக்குக் கூடுதல். அவர்கள் டீப் ஃபிளாப் பற்றிக் கேட்கலாம். அடிவயிற்றுத் தோலையும் கொழுப்பையும் தசையை விட்டுவிட்டு எடுத்து, மைக்ரோஸ்கோப்பில் பார்த்து நெஞ்சின் இரத்தக் குழாய்களோடு இணைப்பார்கள். நீண்ட சர்ஜரி, வயிற்றிலும் பெரிய தழும்பு. ஆனால் அது சொந்தத் திசு. எனக்கு அங்கே போதுமான கொழுப்பு இல்லை.

அப்புறம், இம்ப்ளான்டு ஆயுளுக்கும் வருவதல்ல. ஜெல் உள்ளே கசிந்தால் வெளியே தெரியாது. 5-6 ஆண்டுகளில் ஒரு ஸ்கேன், அதன்பின் 2-3 ஆண்டுகளுக்கு ஒன்று என்பது மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் பரிந்துரை. இம்ப்ளான்டின் வகையும் சீரியல் எண்ணும் அச்சிட்ட அட்டையைக் கேட்டு வாங்காமல் டிஸ்சார்ஜ் ஆகாதீர்கள்.