வெலண்ட் கால்வாய், மூன்றாம் லாக்: கப்பல் ஏறும் இடம்

நயாகரா அருவியைப் பார்க்க வருவோரில் பலர், அங்கிருந்து அரைமணி நேரத்துக்குள் காரில் சென்றுவிடக்கூடிய செயின்ட் கேத்தரின்ஸ் நகரின் கால்வாய்ப் பார்வை மேடையைப் பார்க்காமலேயே திரும்பிவிடுவது எனக்கு வருத்தமளிக்கிறது. அருவி குறுக்கே நிற்பதால் ஈரி ஏரிக்கும் ஒன்ராறியோ ஏரிக்கும் இடையே ஆற்று வழியாகக் கப்பல் செல்ல முடியாது. ஏறத்தாழ 100 மீட்டர் உயர வேறுபாட்டை, 43 கிலோமீட்டர் நீளமுள்ள வெலண்ட் கால்வாய் எட்டு லாக்குகளின் (நீரை நிரப்பியும் வடித்தும் கப்பலை ஏற்றி இறக்கும், இரு முனையிலும் கதவுள்ள நீர்த்தொட்டிகளின்) துணையோடு கடக்க வைக்கிறது. 1829-இல் திறக்கப்பட்ட முதல் கால்வாய்க்குப் பின் மூன்று முறை புதிதாக வெட்டப்பட்டு, இப்போதுள்ளது 1932-இல் திறக்கப்பட்டது.

நான் சென்றபோது ஒரு சரக்குக் கப்பல் ஈரி ஏரியை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. முதலில் சுவருக்கு மேலே அதன் மாலுமி அறையும் புகைபோக்கியும் மட்டுமே தெரிந்தன. பின்கதவு மூடியதும், மேல்மட்டத்து நீர் தன் எடையாலேயே உள்ளே பாய, பம்பு எதுவுமின்றி, அந்தப் பெரும் இரும்புடல் சிறிது நேரத்தில் நம் கண்மட்டத்தைத் தாண்டி உயர்ந்து நின்றது. அனுமதிக்கப்படும் மிகப் பெரிய கப்பலின் அகலம் 23.8 மீட்டர், லாக்கின் அகலம் 24.4 மீட்டர், ஆகவே இருபுறமும் ஒரு முழம்கூட இடைவெளி இருப்பதில்லை என்பதை நேரில் பார்க்கும்போதுதான் மாலுமியின் திறமை புரிகிறது.

உள்ளே இருக்கும் அருங்காட்சியகத்துக்கும் நேரம் ஒதுக்குங்கள். 1959-இல் செயின்ட் லாரன்ஸ் கடல்வழி திறக்கப்பட்ட பிறகே பெரிய கடற்கப்பல்கள் அட்லாண்டிக்கிலிருந்து சுப்பீரியர் ஏரிக்கரையிலுள்ள டுலூத் வரை, சுமார் 3,700 கிலோமீட்டர் உள்நாட்டுக்குள் வர முடிந்தது என்பதை மனத்தில் கொண்டு பார்த்தால், வெளியே நிற்கும் கப்பலின் பயணம் முழுமையாக விளங்கும்.

உல்லாசப் படகு வைத்திருப்போரும் இதே லாக்குகள் வழியாகவே செல்கிறார்கள். ஆனால் சரக்குக் கப்பல்களுக்கே முன்னுரிமை என்பதால், அவர்கள் ஒரு நாள் முழுவதையும் ஒதுக்கிக்கொள்வது நல்லது. பார்வையாளர்கள் புறப்படுமுன் கப்பல் வரும் நேரத்தைக் கேட்டறிந்து, இயன்றால் ஈரி நோக்கி ஏறும் கப்பலைத் தேர்ந்தெடுங்கள். இறங்கும் கப்பலைவிட அதுவே கண்ணுக்கு நிறைவானது. ஜனவரி முதல் மார்ச் மூன்றாம் வாரம் வரை போக்குவரத்து பொதுவாக நின்றுவிடுகிறது. கப்பலைப் பார்ப்பதற்காகவே வருபவர்கள் அப்போது வர வேண்டாம்.