சவர்க்காரம் காறாமல் இருக்க: ரோஸ்மேரிச் சாறா, சித்திரிக் அமிலமா?

வீட்டில் செய்த சவர்க்காரத்தில் சில மாதங்களில் செம்மஞ்சள் புள்ளிகள் தோன்றி, பழைய எண்ணெயின் காறல் மணம் வந்தால் பூஞ்சணம் பிடித்துவிட்டதென்று பலர் நினைக்கிறார்கள். காரத்தன்மை கூடிய கட்டிச் சவர்க்காரத்தில் பூஞ்சணம் எளிதில் வளராது. எண்ணெயைச் சவர்க்காரமாக மாற்றும் காரமான எரிசோடாவுடன் சேராமல் எஞ்சிய எண்ணெயும் நிரம்பாத கொழுப்பமிலங்களும் ஒட்சியேற்றம் அடைவதால்தான், அதாவது காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்வதால்தான், புள்ளியும் மணமும் வருகின்றன. நீரிலோ பாத்திரத்திலோ இருந்து கலக்கும் இரும்பும் செம்பும், மிகச் சிறிதளவாக இருந்தாலும், அதை விரைவுபடுத்துகின்றன.

இதைத் தடுக்கப் பொதுவாகச் சொல்லப்படுபவை நான்கு: விற்றமின் ஈ, பி.எச்.ரி., ரோஸ்மேரி என்ற வாசனைச் செடியின் சாறு, தேசிக்காயின் புளிப்புக்குக் காரணமான சித்திரிக் அமிலம். யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரில் குளிப்பவர்களுக்காகச் சவர்க்காரம் செய்கிறவர் முதலில் வாங்கவேண்டியது சித்திரிக் அமிலம் என்பது என் முடிவு. நானும் அதையே தேர்ந்தெடுத்தேன்.

விற்றமின் ஈயை விரைவாகவே கடந்துவிடலாம். பாமசியில் கிடைக்கும் குளிசைகளில் பெரும்பாலும் இருப்பது அதன் அசற்றேற்று வடிவம். ஒட்சிசனை எதிர்க்கவேண்டிய பகுதி அதில் அடைபட்டிருப்பதால், போத்தலில் இருக்கும் எண்ணெயைக்கூட அது காக்காது. பி.எச்.ரி. என்ற செயற்கைப் பொருள் உணவு எண்ணெய்களிலும் அழகுசாதனங்களிலும் நெடுங்காலமாகப் பயன்படுகிறது; மிகச் சிறிய அளவே போதும், மணமும் நிறமும் இல்லை. நான் அதைப் பயன்படுத்திப் பார்த்ததில்லை. “இயற்கைச் சவர்க்காரம்” என்று கேட்டு வாங்குகிறவர்களுக்கு அதை விளங்கப்படுத்துவதும் கடினம்.

ரோஸ்மேரிச் சாறு மதிக்கத்தக்க போட்டியாளர். வாசனைக்குச் சேர்க்கும் ரோஸ்மேரி எண்ணெய் வேறு, இது வேறு. இதிலுள்ள காணோசிக் அமிலம் எண்ணெயில் கரைந்து அதன் ஒட்சியேற்றத்தைத் தடுக்கிறது. ஒரு கிலோ எண்ணெய்க்கு ஒரு கிராம் அளவே தேவை. ஆனால் எண்ணெய் வாங்கிய அன்றே கலக்கவேண்டும். காறத் தொடங்கிவிட்ட எண்ணெயை எந்தச் சாறும் மீட்காது. வேப்பிலையையோ வல்லாரையையோ வாரக்கணக்கில் எண்ணெயில் ஊறவைத்துப் பிறகு சவர்க்காரம் செய்கிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. இறக்குமதிப் பொருள் என்பதால் யாழ்ப்பாணத்தில் தேடித்தான் வாங்கவேண்டும்.

சித்திரிக் அமிலத்தைக் கண்டிப்பான பொருளில் ஒட்சியேற்ற எதிரி என்று சொல்ல முடியாது. எரிசோடாவுடன் சேர்ந்து அது சோடியம் சித்திரேற்றாக மாறுகிறது. அந்தச் சித்திரேற்று இரும்பு, செம்பு அயன்களை நண்டு கொடுக்கால் பற்றுவதுபோல் பற்றிவைத்துக்கொள்கிறது. எங்கள் ஊருக்கு இன்னும் பெரிய பயன், கல்சியத்தையும் மகனீசியத்தையும் அது ஓரளவு பற்றிக்கொள்வது. குடாநாட்டின் நிலத்தடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் படிவைப் பார்த்தாலே கிணற்று நீர் எவ்வளவு வன்மையானது, அதாவது கல்சியமும் மகனீசியமும் எவ்வளவு கூடியது என்று தெரியும். அந்த நீரில் வீட்டுச் சவர்க்காரம் நுரைக்கத் தயங்குகிறது, வாளியிலும் தரையிலும் பிசுபிசுப்பான படிவு ஒட்டுகிறது. சித்திரேற்று சேர்த்தால் இந்தப் படிவு குறையும். முற்றாக இல்லாமல் போகாது. ரோஸ்மேரிச் சாறு காறலை மட்டுமே தடுக்கும், வன்னீருக்கு அதனால் ஒன்றும் செய்ய இயலாது. சித்திரிக் அமிலத்துக்கு நான் முதலிடம் கொடுப்பது இதனால்தான்.

உலோகங்களை இன்னும் பலமாகப் பற்றுவது ஈ.டி.ரி.ஏ.; கடைச் சவர்க்காரங்களின் உறைகளில் அதன் பெயரைக் காணலாம். ஆனால் அது மண்ணில் எளிதில் சிதைவதில்லை. எங்கள் வீடுகளில் குளித்த நீர் கிணற்றடியிலிருந்து வாழைக்கும் கமுகுக்கும் ஓடி, சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளினூடாக நாங்கள் குடிக்கும் அதே நிலத்தடி நீரை நோக்கி இறங்குகிறது. அந்த வழியில் நெடுநாள் நிலைத்திருக்கும் ஒன்றை விரும்பிச் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. சித்திரேற்றை நுண்ணுயிர்கள் விரைவாகவே சிதைத்துவிடும்.

ஒரு கிலோ எண்ணெய்க்கு 10 முதல் 20 கிராம் சித்திரிக் அமிலம் போதும். கேக் சாமான்கள் விற்கும் கடைகளில் தூளாகக் கிடைக்கும். இங்கே ஒரு கணக்கைத் தவறவிடக்கூடாது: 10 கிராம் அமிலம் சுமார் 6 கிராம் எரிசோடாவைத் தின்றுவிடும். அந்த 6 கிராமை மேலதிகமாகச் சேர்க்காவிட்டால் அவ்வளவுக்கு எண்ணெய் மாறாமல் எஞ்சி, காறுவதற்கு இன்னும் இடம் கொடுக்கும். அமிலத்தை முதலில் நீரில் முழுமையாகக் கரைத்து, பிறகு எரிசோடாவைச் சிறிது சிறிதாக இடவேண்டும். கலவை வழமையைவிடச் சூடாகும். தேசிக்காய்ப்புளி விட்டால் என்ன என்று கேட்பார்கள். அதன் புளிப்பு காய்க்குக் காய் மாறுவதால் எரிசோடாவைக் கணக்கிட முடியாது.

எதைச் சேர்த்தாலும் எண்ணெய்த் தெரிவே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. தேங்காய் எண்ணெயின் கொழுப்பமிலங்களில் பத்தில் ஒன்பது பங்கு நிரம்பியவை. அது இலகுவில் காறாது. நல்லெண்ணெயில் செசமோல் போன்ற காப்புப் பொருட்கள் இயல்பாகவே இருந்தாலும், ஐந்தில் இரண்டு பங்கு லினோலெயிக் அமிலம் என்ற, எளிதில் காறும் நிரம்பாத கொழுப்பமிலம். சாதாரண சூரியகாந்தி எண்ணெயில் அது பாதிக்கும் மேல். தேங்காய் எண்ணெயே பெரும்பங்கான கட்டிகளுக்கு நான் சித்திரிக் அமிலத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். நல்லெண்ணெய் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் ரோஸ்மேரிச் சாற்றையும் சேர்க்கிறேன். ஒன்று உலோகத்தைக் கவனிக்க, மற்றது எண்ணெயைக் கவனிக்கும். கரைப்பதற்குக் கிணற்று நீரை விட்டு, அமிலம் கலக்காத பற்றரித் தண்ணீரை (உலோகமும் உப்பும் நீக்கிய நீரை) எடுப்பதும், கட்டிகளைக் கம்பித் தட்டில் வைக்காமல் பனையோலைத் தட்டில் காயவைப்பதும் உலோகம் சேர்வதைத் தொடக்கத்திலேயே குறைக்கும்.